வர்றப்பப் பாத்துக்கலாம்

தேரிக்காட்டிலுள்ள கொல்லாவிளைக்கு முதன்முதலாக வந்து சேர்ந்தது ஒரு கண்ணாடி மாளிகை. ஆடிக்காற்று செம்மணலைக் குன்று குன்றாக வாரிக்கொண்டுபோய் ஓரிடத்தில் கொட்டி, அது போதாதென்று மறுநாளே அதை அங்கிருந்து வாரி இன்னோரிடத்தில் கொட்டி விளையாடுகிற மாதத்தில், ஆடு பத்திக்கொண்டு போன பெண்கள், நேற்றுவரை வெறும் மணல் கிடந்த இடத்தில் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு கட்டடம் நிற்பதையும், அதன் நெற்றியில் 'வாங்க! சிரிங்க! போங்க!' என்று எழுதியிருப்பதையும் பார்த்தார்கள். உள்ளே போனார்கள். ஒரு கண்ணாடியில் பூசணிக்காயாகவும் அடுத்ததில் முருங்கைக்காயாகவும் தங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். வெளியே வந்து ஆடு மேய்க்கப் போனார்கள். ஊருக்குத் திரும்பியபிறகு, சாயங்காலம், பேச்சுக்கு இடையில்தான் இதைச் சொன்னார்கள்.

அவர்கள் சொன்னதில் ஊரார் கவனித்தது கட்டடத்தை அல்ல, குரலை. கட்டடம் வருவதற்குச் சற்று முன்னால் காற்றில் இரண்டு குரல்கள் கேட்டனவாம். முதலில் ஒரு பெண்குரல், சின்னவயதுக் குரல், "ஏனுங்க, நிறுத்துங்க, பாத்துப்போட்டுப் போலாம்" என்றது. அதற்கு ஒரு ஆண்குரல், "வர்றப்பப் பாத்துக்கலாம் அம்மிணி" என்றது. பிறகு ஒரு கார் இரைந்துகொண்டே தூரமாகப் போகிற சத்தம். கோயம்புத்தூரில் மளிகைக்கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்த ஆதிலிங்கம், இது மேற்கத்திப் பேச்சு, சந்தேகமே வேண்டாம் என்று சொன்னார். அதற்குமேல் யாரும் ஆராயவில்லை. மணலே இடம் மாறுகிற ஊரில் ஒரு கட்டடம் வந்ததில் ஆராய என்ன இருக்கிறது?

அடுத்தடுத்த வருடங்களில் மற்றவை வந்தன. வாயைப் பிளந்துகொண்டு ஒரு சிமெண்ட் முதலை வந்தது, வாய்வழியாக நுழைந்து வால்வழியாக வெளியேறலாம். பலாப்பழ உருவத்தில் கட்டிய ஒரு பஸ் ஸ்டாப் வந்தது, கொல்லாவிளைக்குப் பஸ்ஸே கிடையாது என்பதை அது பொருட்படுத்தவில்லை. ஏதோ நெடுஞ்சாலை ஓரத்தில் ஓட்டலாக மாற்றி நிறுத்தியிருந்த பழைய விமானம் ஒன்று, இட்லிச் சட்டியும் சாம்பார் வாசனையுமாக வந்து மணலில் மூக்கைப் புதைத்துக்கொண்டது. ஒவ்வொன்றும் வருவதற்கு முன்னால் அந்த இரண்டு குரல்களும் காற்றில் கேட்டன. பெண்குரல் கேட்கும், ஆண்குரல் பதில் சொல்லும், கார் போய்விடும். அசல் அந்தந்த ரோட்டோரத்தில் அப்படியே இருப்பதாகவும், அதுவே இங்கேயும் இருப்பதாகவும் ஊர் ஊராகப் போய்வரும் லாரிக்காரர்கள் சொன்னார்கள். ஊரார், அப்படியா, நல்லது என்றார்கள்.

அருவிதான் கொஞ்சம் சங்கடப்படுத்தியது, ஏனென்றால் அதற்கு மலை கிடையாது. மூன்று பனை உயரத்தில், வெறும் ஆகாயத்தில், ஒரு கோடு போட்டதுபோல ஓரிடத்திலிருந்து தண்ணீர் புறப்பட்டு, வெள்ளை வெளேரென்று கீழே மணலில் விழுந்தது. எங்கிருந்து வருகிறது என்று மேலே ஏறிப் பார்க்கலாமென்றால் ஏறுவதற்கு மேலே என்று ஒன்று இல்லை. கோயில்காரர்கள் அதற்கு மாலை போட வந்து, எதன் கழுத்தில் போடுவது என்று தெரியாமல் தண்ணீரில் விட்டுவிட்டுப் போனார்கள். சர்ச்சிலிருந்து வந்தவர்கள் ஒரு பாட்டுப் பாடிவிட்டுத் தலையை நனைத்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் மாதம் இரண்டு தரப்பும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். அதிலிருந்துதான் கொல்லாவிளையில் பெண்கள் குடத்தோடு தேரியைத் தாண்டி நடப்பது நின்றது. குடிக்கவும் குளிக்கவும் போக மிச்சமிருந்த தண்ணீரில் கத்தரி காய்த்தது, மிளகாய் காய்த்தது, கொல்லா எனும் முந்திரி மரங்கள் பூத்துத் தள்ளின.

'வந்தபொருள் பராமரிப்புக் கமிட்டி' என்று ஒன்றை ஏற்படுத்தி ஆதிலிங்கத்தைத் தலைவராக்கினார்கள். கண்ணாடி மாளிகையை முடிவெட்டும் கோயில்பிச்சை சலூனாக எடுத்துக்கொண்டார், எந்தப் பக்கம் திருப்பி உட்காரவைத்தாலும் வாடிக்கையாளருக்குத் தன் முகம் தெரியுமல்லவா! ஒல்லியானவர்களை அவர் குண்டாகக் காட்டும் கண்ணாடிக்கு முன்னாலும் குண்டானவர்களை ஒல்லியாகக் காட்டும் கண்ணாடிக்கு முன்னாலும் உட்காரவைத்ததால், அவரிடம் முடிவெட்டிக்கொண்டு போன எல்லாருமே திருப்தியாகப் போனார்கள். விமானம் கல்யாண மண்டபமாயிற்று. பொண்ணும் மாப்பிள்ளையும் விமானி உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து தாலி கட்டிக்கொண்டார்கள். சுற்றுவட்டாரத்தில் இதற்கென்றே பெண் கொடுக்க வந்தார்கள். முதலைக்குள் வெயில் நேரத்தில் ஆடுகள் படுத்தன.

குரல்களும் ஊருக்குள் குடிவந்துவிட்டன. சாப்பிட வரச் சொன்னால் பிள்ளைகள் "வர்றப்பப் பாத்துக்கலாம் அம்மிணி" என்று மேற்கத்தி ராகத்தில் இழுத்தார்கள். பிடிக்காத மாப்பிள்ளை வீட்டாருக்கு அதையே மரியாதையான பதிலாகச் சொல்லியனுப்பினார்கள். ஓட்டுக் கேட்டு ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வந்த வேட்பாளரிடம் ஊரே ஒரே குரலில் அதைச் சொல்ல, அவர் அதை ஆதரவு என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு வரத்து நின்றுபோயிற்று.

ஆடி வந்தது, காற்று வந்தது, மணல் எழுந்து நடந்தது, ஆனால் குரல் வரவில்லை. ஊரார் விடியுமுன்பே போய் மணலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கார் விற்றுப்போயிருக்கும் என்று ஆதிலிங்கம் சொன்னார். ஆள் போயிருக்கும் என்று கோயில்பிச்சை சொன்னதற்கு எல்லாரும் அவரைத் திட்டினார்கள். விமானத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் தங்கபுஷ்பம் மட்டும், பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே, "அந்த அக்கா கேக்கதை நிறுத்திட்டாவ" என்றாள். பெண்களுக்கு உடனே புரிந்தது. ஆண்கள் கார் விஷயத்தையே மேலும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

*

அந்த அக்காவின் பெயர் துளசிமணி. கோயம்புத்தூர்க்காரி. அவள் புருஷன் ராக்கியப்பன், தண்ணீர் மோட்டார் வியாபாரி. வீட்டுக் கிணற்று மோட்டாரிலிருந்து தோட்டத்து போர்வெல் மோட்டார்வரை விற்கிறவர், நல்ல மனிதர். குடிக்கமாட்டார், கத்தமாட்டார், கேட்ட புடவையை வாங்கிக் கொடுத்துவிடுவார். ஒன்றே ஒன்றுதான்: ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் போய்ச் சேருகிற இடம் தவிர வேறெந்த இடத்திலும் நிறுத்தமாட்டார். கல்யாணமான வாரமே பழனிக்குப் போகும் வழியில் அவள் ஒரு கண்ணாடி மாளிகையைப் பார்த்து நிறுத்தச் சொன்னாள். வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். வரும்போது வேறு வழியில் வந்தார்கள். அப்புறம் முதலை. அப்புறம் பலாப்பழம். அப்புறம் விமானம், அதைப் பார்க்கையில் அவள் மடியில் இருந்த மகன்கூட அழுது பார்த்தான். எல்லாம் வரும்போது. வரும்போதெல்லாம் நேரமாகியிருக்கும், அல்லது மழை பெய்யும், அல்லது அவர் மறந்திருப்பார், அல்லது அவள் தூங்கியிருப்பாள்.

அப்புறம் ஒருநாள் அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். சண்டை போட்டு நிறுத்தவில்லை. காரில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். வயசாக வயசாக இவளுக்கும் பொறுமை வந்துவிட்டது என்று ராக்கியப்பன் சந்தோஷப்பட்டார். அமெரிக்காவுக்குப் போன மகன், அம்மா போனில்கூட முன்போல் பேசுவதில்லையே என்று கவலைப்பட்டு, கல்யாண நாளுக்குக் கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த அறை ஒன்றைப் பதிவு செய்து கொடுத்தான். இரண்டு பேரும் புறப்பட்டார்கள். துளசிமணி புதுப் புடவை கட்டிக்கொண்டு ஏறினாள், சீட் பெல்ட்டைப் போட்டாள், கண்ணை மூடினாள்.

நெடுஞ்சாலையில் பாலம் வேலை நடந்ததால், போனில் வழிகாட்டுகிற பெண் குறுக்குவழி ஒன்றைச் சொன்னாள். ராக்கியப்பன் திரும்பினார். பனைகள் குறைந்தன, வீடுகள் குறைந்தன, இரண்டு பக்கமும் மிளகாய்த்தூளைக் கொட்டி வைத்ததுபோல மணல் ஏறியது. போன் பெண் கொஞ்சநேரம் திக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். நடுரோட்டில் ஒரு மணல்மேடு காலைநீட்டிப் படுத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. கார் அதில் ஏறியது, இருமியது, நின்றது.

கார் நின்றதால் துளசிமணி கண்ணைத் திறந்தாள். வாயைப் பிளந்தபடி ஒரு முதலை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஒரு பலாப்பழம். அதற்கு அப்பால் மணலில் மூக்கைக் குத்திய விமானம். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"எறங்காத அம்மிணி, வெயிலு," என்றார் ராக்கியப்பன். அவள் இறங்கிவிட்டாள்.

கடையிலிருந்து தங்கபுஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அண்ணாச்சி, மண்ணு சக்கரத்தப் புடிச்சிட்டு. ஓல வெட்டிப் போட்டுத் தள்ளுனாத்தான் வரும், ஆளு வர நேரமாவும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் கருப்பட்டிக் காப்பி குடிங்க. குடிச்சிட்டு வெமானத்தப் பாருங்க. எங்க ஊருக்கு வந்திட்டு வெமானத்தப் பாக்காம யாரும் போவமாட்டாவ."

ராக்கியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "காப்பி போதுமுங்க. வெமானமெல்லாம் வர்றப்பப் பாத்துக்கலாம்."

கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை மேலே போனது மேலேயே நின்றது, டீ மட்டும் கீழே விழுந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள் தங்கபுஷ்பம்.

"எதைங்க?"

"இப்பச் சொன்னியளே, அத."

"வர்றப்பப் பாத்துக்கலாமுன்னு..."

"அவியதான்!" என்று பெஞ்சிலிருந்து ஒரு அலறல் எழுந்தது. "அந்தக் கொரலுதான்! ஏ, எல்லாரும் வாங்க, கார்க்காரரு வந்திட்டாவ!" வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ராக்கியப்பனைத் தொட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றுகொண்டு அவர் ராகத்திலேயே அவர் வாக்கியத்தை அவருக்குச் சொல்லிக் காட்டினார்கள். தான் எந்த மோட்டாரையும் இந்த ஊரில் விற்றதாக ஞாபகமில்லையே என்று அவர் திகைத்துக்கொண்டிருந்தார்.

தங்கபுஷ்பம் அவரிடம் நிற்கவில்லை. துளசிமணியிடம் போய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, நீங்க ஏன் கேக்கத நிறுத்துனிய?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் துளசிமணியிடம் கேட்டதில்லை. மகன் கேட்டதில்லை, புருஷன் கேட்டதில்லை, அவளே தன்னிடம் கேட்டதில்லை. முன்பின் தெரியாத ஊரில், கருப்பட்டி வாசனை அடிக்கும் ஒருத்தி கேட்கிறாள். அவள் உதடு கொஞ்சம் கோணிக்கொண்டது.

"கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சுங்க," என்றாள்.

தங்கபுஷ்பம் தலையை ஆட்டினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்: காற்றில் வந்த குரலை, ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததை, ஊர் அவற்றை வைத்துப் பிழைத்ததை. கேட்டுக் கொண்டிருந்த துளசிமணி சுற்றிலும் பார்த்தாள். வீட்டில் எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்த சாமான்களெல்லாம் ஒரே அலமாரியில் இருக்கக் கண்டவள்போல அவளுக்கு இருந்தது.

"இதெல்லாம் என்றதா?"

"ஒங்களதுதான். போயிப் பாருங்க. யாரு தடுப்பா?"

அவள் முதலில் கண்ணாடி மாளிகைக்குப் போனாள். உள்ளே ஆதிலிங்கம் கழுத்தில் துண்டு கட்டி, முகமெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார், கோயில்பிச்சை ஒரு கன்னத்தை முடித்துவிட்டு மறு கன்னத்துக்கு வந்திருந்தார். துளசிமணி அவர்களைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு கண்ணாடியாக நின்று பார்த்தாள். பூசணியானாள், முருங்கையானாள், ஒன்றில் கால் மட்டும் நீண்டு கொக்கானாள், ஒன்றில் தலைகீழாகத் தொங்கினாள். கல்யாணமான வாரத்தில் சிரித்திருக்க வேண்டிய சிரிப்பு, இத்தனை காலம் பழுதில்லாமல் உள்ளேயே இருந்திருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அத்தனையையும் சிரித்து முடித்தாள். வெளியே வந்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

மாளிகை போய்விட்டது. இடியவில்லை, வெடிக்கவில்லை. உள்ளங்கையில் இருக்கும் மணலை ஊதினால் எப்படிப் போகுமோ அப்படிப் போயிற்று. திறந்த வெளியில், சுட்டெரிக்கும் வெயிலில், ஆதிலிங்கம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கோயில்பிச்சை கத்தியைத் தூக்கியபடி, இருந்த இடத்தில் இல்லாத கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவே, காத்து அடிக்கி?" என்றார் ஆதிலிங்கம், கண்ணைத் திறக்காமல்.

துளசிமணிக்கு இதற்குள் சூடு பிடித்துவிட்டது. யாரும் எதுவும் சொல்வதற்குமுன் பலாப்பழ பஸ் ஸ்டாப்புக்குப் போய், முள்முள்ளான அதன் தோலைத் தடவிப் பார்த்து, உள்ளே சுளை மாதிரி செய்திருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கால்களை ஆட்டினாள். ஆசை தீர்ந்ததும் பலாப்பழமும் போயிற்று, அவள் மணலில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் ஊருக்கு விஷயம் விளங்கியது. அவள் விமானத்தைப் பார்த்துத் திரும்பியதும் ஆணும் பெண்ணுமாக ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்கள். பாதி முகத்தில் நுரையும் பாதி மீசையுமாக ஆதிலிங்கம் முன்னால் நின்றார்.

"எம்மா, தாயி, கொஞ்சம் பொறுங்க. வெமானம் வேண்டாம். ஞாயித்துக்கெழம அதுல கல்யாணம் இருக்கு. இந்தா, இந்தத் தங்கபுஷ்பம் மகளுக்குத்தான். மாப்பிள வீட்டுக்காரன் வெமானத்துக்காவத்தான் ஒத்துக்கிட்டான்."

"அருவியப் பாத்துராதிய அக்கா," என்றாள் இன்னொருத்தி. "அது போயிட்டா நாங்க மறுபடி குடத்தத் தூக்கணும்."

"முதல?" என்றாள் துளசிமணி.

"முதல... ஆடு கெடக்கு. இருந்தாலும் இன்னைக்கு வேண்டாம்."

"அப்பறம் எப்பங்க?"

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. யாரும் திட்டமிடவில்லை. பல வருடப் பழக்கத்தில் எல்லார் வாயிலும் தயாராக இருந்தது ஒரே பதில்தான், எல்லாரும் சேர்ந்து, அதே இழுவையோடு, அதைச் சொல்லிவிட்டார்கள்:

"வர்றப்பப் பாத்துக்கலாம் அம்மிணி."

துளசிமணியின் முகம் அணைந்தது. ராக்கியப்பன் அதைப் பார்த்தார். ஒரு மோட்டாருக்கு மின்சாரம் போனால் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பது எப்படி மெதுவாகி மெதுவாகி நிற்குமோ, அப்படி அவள் முகத்தில் ஒன்று நின்றதைப் பார்த்தார். காரில் எப்போதும் அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வாக்கியம் போய் விழுகிற இடத்தை அவர் பார்த்ததே இல்லை.

அவருக்குக் கோபம் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார்.

"யாருங்க அது, என்ற பொண்டாட்டியப் பாத்து அப்பிடிச் சொன்னது? அவ பாக்கோணும்னா இப்பப் பாப்பா. எதுக்கு அப்பறம்? அப்பறம்னா எப்ப? அப்பறம்னு ஒண்ணு எங்கீங்க இருக்குது?"

"நீங்கதான அண்ணாச்சி சொல்லிக்குடுத்திய," என்றாள் தங்கபுஷ்பம்.

அவர் மடித்துக் கட்டிய வேட்டியைக் கீழே இறக்கிவிட்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள், ஏனென்றால் அவர் அழுகிற மாதிரி இருந்தது. அவர் துளசிமணியின் பக்கம் திரும்பி, இத்தனை பேருக்கு நடுவில் அல்லாமல் வீட்டு அடுப்படியில் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"கல்யாணத்தப்ப நம்மகிட்ட இருந்த காரு ஞாபகமிருக்குதா, அந்தப் பச்சைக் காரு? அது ஒருக்கா நின்னா மறுக்கா ஸ்டார்ட் ஆகாது. நாலு பேரு தள்ளோணும். புதுசாக் கட்டிக்கிட்டு வந்த புள்ளைய ரோட்டுல நிக்க வெச்சு, கண்டவன்கிட்டக் கார் தள்ளச் சொல்லிக் கெஞ்சோணுமான்னு ஒரே பயம் எனக்கு. அதான் எங்கீமே நிறுத்துல."

"அந்தக் காரை வித்து எத்தனை வருசமாச்சு! அதுக்கப்பறம் நாலு காரு மாத்திப்போட்டீங்க."

"காரு மாறிருச்சு. பயம் மாறுல அம்மிணி."

துளசிமணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதைய அப்பவே சொல்லியிருந்தா நானே எறங்கித் தள்ளியிருப்பனுங்க," என்றாள்.

அதன்பிறகு அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியபோது குரல் வேறாக இருந்தது. எல்லாரையும் மணலில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார்கள். "எனக்கு ஆசை இருக்குதுங்க. ஒங்களுக்குத் தேவை இருக்குது. ரெண்டும் பொய்யில்லை," என்றாள். விமானம் தங்கபுஷ்பம் மகளுக்கு இருக்கட்டும், அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் இருக்கட்டும், தான் அந்தப் பக்கம் திரும்பக்கூடமாட்டேன் என்றாள். தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முதலையைத் தான் பார்த்தே தீருவேன் என்றாள், ஆடுகளிடம் யாராவது சொல்லிக்கொள்ளட்டும்.

முதலைக்குள் இந்தமுறை இரண்டு பேராகப் போனார்கள். வாய்க்குள் குனிந்து நுழையும்போது ராக்கியப்பன் தலையை மேல்பல்லில் இடித்துக்கொண்டார். வயிற்றுக்குள் ஆட்டுப்புழுக்கை நாற்றமும் இருட்டும் இருந்தன. எங்கே இருக்கிறீங்க என்று அவள் கேட்பதும் இங்கதான் குடல்ல என்று அவர் சொல்வதும் வெளியே இருந்தவர்களுக்குக் கேட்டது. வால்வழியாக அவர்கள் தவழ்ந்து வெளியே வந்தபோது அவர் சட்டையில் சிலந்திவலையும் அவள் முழங்கையில் சிராய்ப்பும் இருந்தன. முதலை போயிற்று. ஆடுகள் திடீரென்று வெயிலில் கிடந்ததும் எழுந்து, ராக்கியப்பனை முறைத்துவிட்டு, கமிட்டித் தலைவரை நோக்கி நடந்தன.

மிச்சம் அருவி.

அருவிப் பேச்சை எடுத்ததும், மணல்மேட்டுக்கு அப்பால் தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்த பக்கத்துக்குத் துளசிமணி முதுகைக் காட்டி நின்றாள். எல்லாவற்றிலும் அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான். மகன் வயிற்றில் இருந்தபோது, வால்பாறை மலைரோட்டில், கால் இரண்டும் வீங்கி, புளித்த ஏப்பமாக வந்துகொண்டிருந்த ஒரு மதியத்தில், வளைவு திரும்பியதும் அது வெள்ளையாகத் தெரிந்தது. அந்தத் தண்ணீரில் காலை மட்டும் வைத்தால் போதுமென்று இருந்தது அவளுக்கு. காலை மட்டும். நிறுத்தச் சொன்னாள், வரும்போது என்றார், காலை மட்டும்தான் என்று அவள் சொல்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது.

அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ராக்கியப்பனின் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள், நாலாக மடித்தாள், தன் கண்ணில் வைத்துத் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடச் சொல்லி அவரிடம் திரும்பி நின்றாள்.

"பாத்தாத்தானுங்க போகும்? நான் பாக்குல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

ஊரே பின்னால் வந்தது. மணலில் அவள் கையைப் பிடித்து ராக்கியப்பன் நடத்திக்கொண்டு போனார். இங்க மேடு, இங்க பள்ளம், இங்க முள்ளு என்று சொல்லிக்கொண்டே போனார். சத்தம் கிட்டே வந்தது, சாரல் முகத்தில் பட்டது, அவள் நின்றாள்.

"எப்பிடி இருக்குதுங்க?"

ராக்கியப்பன் அண்ணாந்து பார்த்தார். தொண்டையைச் செருமினார். "நொம்பப் பெருசா இருக்குது."

"அப்பறம்?"

"ஒரு ஏழரை எச்.பி. மோட்டார் ஓடுற தண்ணி இருக்கும். இல்லை, பத்து எச்.பி.யே வேணும்."

பின்னால் இருந்த பெண்கள் முனகினார்கள். "அண்ணாச்சி, நல்லாப் பாத்துச் சொல்லுங்க," என்று தங்கபுஷ்பம் அதட்டினாள்.

அவர் மறுபடி பார்த்தார். வாழ்நாளெல்லாம் தண்ணீர் சம்பந்தமான வியாபாரம் செய்த மனிதர், குழாயைப் பார்த்திருக்கிறார், மீட்டரைப் பார்த்திருக்கிறார், இதைப் பார்த்ததில்லை. மெல்ல மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். மேலே அது தொடங்குகிற இடத்தில் ஒன்றுமே இல்லை, ஆகாசம் அங்கே கொஞ்சம் கிழிந்த மாதிரி இருக்கிறது என்றார். கொஞ்ச தூரம்வரை ஒரே தண்ணியாக வந்து, அப்புறம் நூல் நூலாகப் பிரிந்து, நடுவில் ஒரு நூல் மட்டும் மற்றதைவிட மெதுவாக இறங்குகிறது, அது ஏன் என்று தெரியவில்லை என்றார். கீழே மணல் நனைந்து குங்குமமாகக் கிடக்கிறது, அதில் ஒரு மைனா குளிக்கிறது, ஒரு இறக்கையை நனைத்துவிட்டு அடுத்த இறக்கையை நனைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது, இப்போ நனைத்துவிட்டது என்றார். ஊரார் அத்தனை வருடம் அதில் குளித்தவர்கள், அவர் சொல்லச் சொல்ல அவர்களும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஆமாம், ஒரு நூல் மெதுவாகத்தான் இறங்கியது.

துளசிமணி செருப்பைக் கழற்றினாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் கையை விடாமல், காலைத் தண்ணீருக்குள் வைத்தாள். வைத்ததும் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, அது பேச்சல்ல. ராக்கியப்பனும் செருப்போடேயே இறங்கிவிட்டார். தண்ணீர் இரண்டு பேர் தலையிலும் விழுந்தது. புதுப் புடவை, சட்டைப் பையிலிருந்த போன், கைக்கடிகாரம் எல்லாம் நனைந்தன. அருவி விழுந்துகொண்டே இருந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. போகவில்லை. அருவி அப்படியே இருந்தது.

மேகம் ஒன்று வந்து வெயிலை மறைத்ததைத் துண்டுக்குள்ளிருந்தே துளசிமணி உணர்ந்தாள். கண்ணுக்குள் சிவப்பாக இருந்தது கறுப்பாயிற்று.

"ஏனுங்க, வானவில் தெரியுதுங்களா?"

ராக்கியப்பன் ஆகாயத்தைப் பார்த்தார். மேகம்தான் இருந்தது. பின்னால் நின்றிருந்த ஊர் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது, ஆதிலிங்கம் பாதி மீசையோடு, ஆமென்று சொல்லுங்கள் என்பதுபோலக் கையைக் கூப்பினார்.

"தெரியுது அம்மிணி," என்றார். "இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு."

"எப்பிடியிருக்குது? என்னென்ன கலருங்க?"

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். தெரிந்தவை தீர்ந்துபோனதும் தன் கடையில் மோட்டாருக்கு அடிக்கிற பெயிண்டுகளின் பெயரையெல்லாம் சேர்த்துக்கொண்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்று கேட்டுக்கொண்டு நின்றாள். மேகம் விலகி வெயில் வந்தபிறகும் அவர் நிறுத்தவில்லை.